பெண்பனைக்கு ஒரு சட்டம்

பலா, ஈரப்பலா, பெண்பனை. சொந்தக் காணியில் நின்றாலும் இந்த மூன்றையும் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்கிறது இலங்கைச் சட்டம். மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அது. பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். கிராம அலுவலர் வந்து மரத்தைப் பார்க்க வேண்டும். காரணம் நியாயமானது என்று கண்டால்தான் கோடரி விழலாம். தறித்த மரத்தை லொறியில் ஏற்றிக் கொண்டுபோக வேறோர் அனுமதி.

மூன்றும் பஞ்ச காலத்து மரங்கள். அரிசி தட்டுப்பட்ட வருடங்களில் தெற்கில் பலாவும் ஈரப்பலாவும் அடுப்பில் ஏறின. வடக்கில் பனை ஏறியது. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று கடலுக்குள் சிதறிக் கிடக்கும் எங்கள் பக்கத்தில் பலா காய்ப்பது அருமை. மேலே மெல்லிய மண், கீழே சுண்ணாம்புக் கல், அதற்குள் கொஞ்சம் நல்ல தண்ணீர், இன்னும் தோண்டினால் உப்பு. இந்த மண்ணில் நூறு வருடம் நின்று காய்க்கக்கூடியது பனைதான். ஆகவே தீவுப் பகுதியில் அந்தச் சட்டத்துக்குப் பனைச் சட்டம் என்றே பெயர் வைத்துவிடலாம்.

அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில்தான் நான் வேலணையில் பிறந்து வளர்ந்தேன். ஆனால் அப்படி ஒன்று இருப்பதாக எங்கள் வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. பெண்பனை தறிப்பதற்கு அப்போது வேறு அனுமதிகள் வேண்டியிருந்தன. அவை செயலகத்து அனுமதியைவிடக் கடினமானவை.

எங்கள் வீட்டு முகட்டு வளை உளுத்துப்போன வருடம் அது. அப்புவுக்கு வைரம் பாய்ந்த மரம் ஒன்று தேவைப்பட்டது. வைரம் என்றால் பெண்பனைதான். அதுவும் வயது போன பெண்பனை. ஆண்பனையை வேலிக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் போடுவார்கள், முகட்டுக்குப் போட மாட்டார்கள். பனையின் சங்கடமே இதுதான். எந்த மரம் பழமும் கிழங்கும் தருகிறதோ அதே மரம்தான் தச்சனுக்கும் வேண்டியது. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணத்துப் பனைமரங்கள் கப்பலேறிப் போயிருக்கின்றன. சட்டம் பெண்பனையைத் தனியே எடுத்துக் காவல் செய்வதில் அர்த்தம் இருக்கிறது.

அப்பு முதலில் கேட்க வேண்டியிருந்தது ஆச்சியிடம். வளவில் நின்ற பெண்பனைகளை ஆச்சி நின்ற இடத்தை வைத்துக் கூப்பிடுவா. கிணற்றடியாள், வேலியோரத்தாள், தரவைப் பக்கத்தாள். கிணற்றடியாளின் பழம் இனிப்பு, பனாட்டுக்கு அதுதான். வேலியோரத்தாளின் பழம் காறும், ஆனால் கொட்டை பெரிது, கிழங்கு தடித்து வரும். அப்பு கிணற்றடி மரத்தைக் காட்டினார். ஆச்சி சுளகைக் கீழே வைத்துவிட்டு, "இஞ்சருங்கோ, அவள் இன்னும் காய்க்கிறாள். காய்க்கிறவளைத் தறிச்சு முகட்டிலை போட்டிட்டு, அதுக்குக் கீழை நாங்கள் எப்பிடிப் படுக்கிறது?" என்றா. அத்துடன் அந்த விண்ணப்பம் தள்ளுபடியானது.

வேலியோரத்து மரம் பக்கத்து வளவுக்குள் சாய்ந்து நின்றது. அதன் பழம் பாதிக்கு மேல் அவர்களின் முற்றத்தில் விழும். அது ஆருக்கு என்பதில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பழைய உடன்பாடு உண்டு. எல்லை தாண்டிச் சாய்ந்த மரத்தின் காய் யாருக்குச் சேரும் என்பது 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் ஏற்றிய தேசவழமையிலேயே பேசப்பட்ட விஷயம். அவர்களைக் கேளாமல் தொட முடியாது. தரவைப் பக்கத்து மரங்கள் அத்தையின் சீதன உறுதியில் ஏறியிருந்தன. எங்கள் ஊர் உறுதிகளில் பரப்பையும் கிணற்றையும் எழுதுகிறபோது பனையையும் எழுதுவார்கள். அத்தைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். இதற்கிடையில் சார்வோலை வெட்டிப் பாயும் பெட்டியும் இழைக்கிற பெரியம்மா ஒருத்தி வந்து, தான் ஓலை எடுக்கிற மரத்தைத் தொடப் போகிறார்களோ என்று படலையடியில் நின்று விசாரித்துவிட்டுப் போனா.

கடைசியில், காய்ப்பு நின்று இரண்டு மூன்று வருடமான ஒரு கிழட்டு மரத்தை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தேய்பிறையில் நாள் பார்த்தார்கள். கோடரிக்காரர் இருவர் காலையில் தொடங்கினார்கள். மரம் தரவைப் பக்கம் விழுந்தபோது நிலம் அதிர்ந்தது காலில் தெரிந்தது. ஆப்பு வைத்துப் பிளந்தார்கள். வெளிப்புறம் கறுப்பு நார், உள்ளே சோற்றி. சோற்றியைக் கொத்தி எறிந்துவிட்டு வளையும் சிலாகையும் சீவினார்கள். குருத்தை வெட்டிப் பிள்ளைகளுக்குத் தந்தார்கள். ஓலை கூரைக்கு, மட்டை வேலிக்கு, கங்குமட்டை அடுப்புக்கு, பன்னாடை நெருப்பு மூட்ட. அடுத்த புரட்டாசியில் ஆச்சி அந்த இடத்தைச் சுற்றி ஒரு கடகம் பனங்கொட்டை புதைத்தா. ஒன்று விழுந்தால் அந்த இடத்தில் கொட்டை போட வேண்டும் என்பது அவவின் கணக்கு.

அந்த நாட்களின் காவல் இப்படித்தான் வேலை செய்தது. ஒரு பனை விழுந்தால் எந்த வீட்டில் எது குறையும் என்று ஒழுங்கை முழுவதற்கும் தெரிந்திருந்தது.

வில்லியம் பெர்குசன் என்பவர் 1850இல் பனையைப் பற்றித் தனி நூலே எழுதினார். தாலவிலாசம் என்ற தமிழ் நூல் பனைக்கு 801 பயன்கள் சொல்கிறது என்ற செய்தியும் அந்த நூற்றாண்டு ஆங்கிலேயரின் எழுத்துகளில் வருகிறது. எங்கள் வீட்டில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. வருடம் அந்த மரத்தின்படி சுழன்றது, அவ்வளவுதான். வைகாசியில் நுங்கு. சோளகக் காற்று அடிக்கிற ஆடி ஆவணியில் இரவெல்லாம் பழம் விழும் சத்தம். விடிவதற்கு முதல் லாம்புடன் பொறுக்கப் போவோம். பழத்தைப் பிசைந்து களியாக்கிப் பாயில் தடவிக் காயவைத்தால் பனாட்டு. கொட்டைகளைப் புரட்டாசியில் பாத்தி போட்டால் மாரி மழை குடித்துத் தையில் கிழங்கு. கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கொட்டையை முளையில் பிளந்தால் உள்ளே பூரான். ஒடியல் மாவைக் கரைத்து நண்டும் மீனும் பயிற்றங்காயும் போட்டுக் காய்ச்சிய கூழைப் பிளாவில் வார்த்துக் குடித்த நாக்குக்கு வேறு கூழ் எதுவும் கூழாகத் தெரியாது. கூரை ஓலை, கிணற்றுத் துலா, இறைப்புப் பட்டை, நீத்துப்பெட்டி, பனங்கட்டிக் குட்டான், எரிக்க ஊமல். எல்லாம் ஒரே மரம்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் அது அழகான பழங்கதையாகிவிடும். அது முழு உண்மையாகாது. அந்த மரத்தின் உச்சிக்கு யார் ஏறினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் வளவுக்கு வந்த சீவல் தொழிலாளி காலையும் மாலையும் ஏறுவார். காலில் தளைநார், இடுப்பில் பாளைக்கத்தி, தோளில் முட்டி. ஒரு நாளில் அவர் ஏறி இறங்கும் உயரத்தைக் கூட்டினால் அது ஒரு மலை. எங்கள் வீட்டில் எழுத்துப் படிக்கத் தொடங்காத பிள்ளையும் அவரைப் பெயர் சொல்லி "வா", "போ" என்றது. நரைத்த தலையுடன் அவர் அந்தப் பிள்ளையை "நயினார்" என்றார். கிணற்றில் அவர் வாளி போட முடியாது; யாராவது வார்க்க வேண்டும். அவருக்குத் தேநீர் கொடுக்கப்பட்டது சிரட்டையில். அவர் சீவிய கள்ளு எங்கள் வீட்டுப் பெரியவர்களின் தொண்டையில் எந்தத் தடையும் இல்லாமல் இறங்கியது. பக்கத்து ஒழுங்கையில் ஒருவர் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்து இறந்தார். அவரின் குடும்பத்துக்கு மரத்துக்காரர் கொடுத்தது கோடிப்புடவையும் ஒரு மூடை நெல்லும்.

மரத்தை வெட்டாதே என்று சொல்லும் சட்டம் 1951இல் வந்தது. மரத்தில் ஏறுகிறவரையும் அவரைப் போன்றவர்களையும் சாதி சொல்லிக் கோவிலிலும் கடையிலும் கிணற்றிலும் தடுக்காதே என்று சொல்லும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது 1957இல். 21ஆம் இலக்கம். ஆறு வருட இடைவெளி. 1957க்குப் பிறகும் கதவுகள் தாமாகத் திறக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் சனம் நின்று போராட வேண்டியிருந்தது. தேநீர்க் கடைகளில் சம குவளைக்காக அடி வாங்க வேண்டியிருந்தது. இரண்டு சட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறபோது என் மனம் பொறுப்பதில்லை. பனையை நேசித்த அதே சமூகம்தான் பனையேறியை நிலத்தில் நிற்க விடவில்லை. அவரின் பிள்ளைகள் படித்து அந்தத் தளைநாரைக் கழற்றி எறிந்தது சரியான காரியம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மரம் அநாதையானதை நினைத்து அழுகிறவர்கள் முதலில் இதைச் சொல்லிவிட்டு அழ வேண்டும்.

பிறகு போர் வந்தது. 1990இலும் 1991இலும் தீவுப் பகுதிச் சனத்தில் பெரும்பாலோர் கையில் அகப்பட்டதுடன் வெளியேறினார்கள். அதற்கு முந்திய மாதங்களில் வளவுக்கு வளவு பங்கர் வெட்டினோம். குழியின் மேல் குறுக்கே அடுக்கப் பனங்குற்றியைப் போல் தாங்கக்கூடியது எங்கள் கையில் வேறொன்றும் இல்லை. காய்க்கிற மரங்களும் விழுந்தன. ஆச்சி அப்போது உயிருடன் இருந்தா. ஒரு வார்த்தை சொல்லவில்லை. குண்டு விழுந்தபோது அந்தக் குற்றிகளின் கீழே குழந்தைகள் இருந்தார்கள். வடக்கு முழுவதும் இரு தரப்புக் காப்பரண்களும் பனங்குற்றியால்தான் எழும்பின. மைல் கணக்கில் தலையில்லாத பனைகள் நின்ற படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஷெல் வட்டைக் கொய்து எறிந்தால் பனை திரும்பத் துளிர்க்காது. அதற்கு இருப்பது ஒரே குருத்து.

பொருளாதாரத் தடை இருந்த அந்த வருடங்களில், இடம்பெயர்ந்த இடத்திலும் எங்களைக் காப்பாற்றியது இந்த மரமே. சீனிக்குப் பதில் பனங்கட்டி. மாவுக்குப் பதில் ஒடியல் மா. சவர்க்காரம் யானை விலை விற்றபோது பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். கொடியில் காயப்போட்ட சட்டையை மணம் பிடித்து மாடு வந்து சப்பும். முன்னொரு காலத்தில் ஏழைகளின் சாப்பாடு என்று தள்ளி வைத்த வீடுகளிலும் அந்த நாட்களில் ஒடியற்பிட்டு அவிந்தது.

எங்கள் தீவில் அதே வருடங்களில் இன்னொன்று நடந்தது. ஆளில்லாத வளவுகளில் ஆடி ஆவணிக்குப் பழம் விழுந்துகொண்டே இருந்தது. பொறுக்க ஒருவரும் இல்லை, பாத்தி போட ஒருவரும் இல்லை, கிழங்கு கிண்ட ஒருவரும் இல்லை. விழுந்த ஒவ்வொரு கொட்டையும் விழுந்த இடத்திலேயே வேர் விட்டது. போர் முடிந்து ஊருக்குப் போனவர்கள் முதலில் கண்டது வடலிக் காடு. புங்குடுதீவிலும் வேலணையிலும் வீடு எது, ஒழுங்கை எது என்று தெரியாமல் வடலி மூடியிருந்தது. எங்கள் வீட்டின் அறைக்குள்ளேயே, இடிந்த முகட்டுக்குக் கீழே, இரண்டு வடலிகள் நின்றன. முன்னரங்குகளில் பனையைக் கொன்ற போர், சனம் ஓடிப்போன ஊர்களில் பனையைப் பெருக்கிவிட்டிருந்தது.

அந்த வடலிகளில் பெரும்பகுதி இப்போது இல்லை. அவற்றை அழித்தவர்கள் சட்டம் எதையும் மீறவில்லை.

பனையில் ஆண் வேறு, பெண் வேறு. எது என்பது பாளை தள்ளும் வரை தெரியாது. அதற்கு 12 முதல் 15 வருடம், எங்கள் வரண்ட மண்ணில் அதற்கு மேலும் ஆகும். சட்டம் காப்பது பெண்பனையை. வடலிக்குப் பெண் என்ற பெயர் இன்னும் வரவில்லை. ஆகவே ஜே.சி.பி. ஒரு காலைப் பொழுதில் ஒரு வளவின் வடலி முழுவதையும் வழித்துக் குவித்துவிட்டுப் போகலாம். விண்ணப்பம் வேண்டாம், கிராம அலுவலர் வர வேண்டாம். நூறு வருடம் நின்ற ஒரு பெண்பனைக்குக் கடிதம் எழுதி முத்திரை வாங்க வேண்டும். அதற்குப் பின்னால் வரவேண்டிய தலைமுறைக்கு ஒன்றும் வேண்டாம். ஆண்பனையின் நிலையும் அதுதான். காய்க்காதது என்று அதை வெளியே விட்டிருக்கிறார்கள். ஆண்பனையின் பாளையிலிருந்து மகரந்தம் வராவிட்டால் பெண்பனை எதைக் காய்க்கும்? கள்ளும் கருப்பநீரும் ஆண்பனையும் தருகிறது. ஓலை இரண்டுக்கும் ஒரே ஓலை. தமிழ்நாட்டில் 2021இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தபோது ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. எங்கள் சட்டமும் அப்படித் திருத்தப்பட வேண்டும் என்பதே என் எண்ணம். வட்டு வைத்த எந்த வடலிக்கும் காவல் வேண்டும்.

சட்டத்தை ஏய்க்க இன்னொரு வழியும் இருக்கிறது. தறிக்க விரும்பும் மரத்தின் காய்க்குலையையும் காய்ந்த காம்பையும் முன்கூட்டியே வெட்டி இறக்கிவிட்டால், நிலத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு அது ஆணா பெண்ணா என்று சொல்வது இலகுவல்ல. வட்டுக்குள் ஏறிப் பார்க்க வேண்டும். ஏற ஆளில்லை. பனையேறியைத் தொலைத்த ஊரில் பனைச் சட்டத்தைக் கண்காணிக்கவும் ஆள் கிடைப்பதில்லை.

இன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் பனை என்றால் முறைப்பாடுதான். ஓலை வேலி இருந்த இடத்தில் சீமெந்து மதில். ஓலைக் கூரை இருந்த இடத்தில் சீற். முன்பு காவோலை விழுந்தால் ஆர் எடுப்பது என்று சண்டை வந்தது. இப்போது அதே காவோலை சீற்றை உடைத்துவிட்டது என்று சண்டை வருகிறது. பழம் விழுந்து அழுகி ஈ மொய்க்கிறது, மரத்தை எடுங்கோ என்று கேட்கிறார்கள். கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கிற காணிக்காரருக்குப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அவர் அங்கிருந்து துப்புரவாக்கச் சொல்லிக் காசு அனுப்புகிறார். ஊரை மறக்காமல் காசு அனுப்புகிற நல்ல மனிதர்தான். அவருக்குக் காணி வெளியாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கழிக்கப்படாத காவோலை மரத்தைச் சுற்றித் தொங்கி நிற்கிறது. சோளகம் அடிக்கும் வரட்சியில் எங்கோ குப்பைக்கு வைத்த தீ ஒரு பனங்கூடலுக்குள் போனால், காவோலை வழியாக வட்டுக்கு ஏறிவிடும். அனுமதியுடன் தறிக்கப்பட்டவற்றைவிடக் கவனிப்பில்லாமல் எரிந்த பெண்பனைகளைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு பெருக்குமரத்தைப் பார்க்கிறார்கள். ஆபிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட மரம். அராபிய வணிகர் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். அடிமரத்துப் பொந்துக்குள் ஆள் நுழைந்து நிற்கலாம். படம் எடுக்கிறார்கள், குதிரைகளைப் பார்க்கிறார்கள், முருகைக்கல் மதில்களைப் பார்க்கிறார்கள். 2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அந்தப் பெருக்குமரம் நெடுங்காலம் நிற்கட்டும். ஆனால் அதைத் தேடிப் போகிற வழி நெடுக நிற்கும் பனைகளை ஒருவரும் மரம் என்று எண்ணுவதாகத் தெரியவில்லை. நெடுந்தீவுச் சனம் பிழைத்துக் கிடந்தது அவற்றால்தான்.

பனைக்கென்று ஒரு நிறுவனம் இல்லாமல் இல்லை. பனை அபிவிருத்திச் சபை 1978இல் உருவானது. கைதடியில் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஒவ்வொரு மாரிக்கும் முன்னால் இளைஞர் கழகங்களும் பள்ளிக்கூடங்களும் வீதியோரங்களில் பனங்கொட்டை நடுகின்றன. நடுவது நல்ல காரியம். எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது குறிகட்டுவான் இறங்குதுறை. நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கும் நாகவிகாரைக்கும் போகிற சனம் படகுக்கு நிற்கும் இடத்தில் பெண்கள் புழுக்கொடியலும் பனாட்டும் பனங்கட்டிக் குட்டானும் வைத்து விற்கிறார்கள். தெற்கிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள் பை பையாக வாங்குகிறார்கள். ஆனித் திருவிழா நாட்களில் மத்தியானத்துக்குள் கடகம் வெறுமையாகிவிடும். அந்தப் பெண்களில் ஒருத்தியிடம் கிழங்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "வன்னியாலை வருது, மாஸ்டர். இஞ்சை பழம் கிடக்கு, பொறுக்கிப் பாத்தி போட ஆர் இருக்கினம்?" என்றா. அவவின் கடகத்துக்குக் கிழங்கு தேவைப்படுகிற வரைக்கும் யாரோ ஒரு ஊரில் யாரோ ஒரு பெண்பனையைத் தறிக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் எங்கள் தீவுக்கும் திரும்பி வர வேண்டும் என்பதே என் ஆசை.

கடந்த மாரிக்கு முன்னால் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இந்தக் கதையை எடுத்தேன். ஒழுங்கை முடிவிலுள்ள பெரிய வளவைத் துப்புரவாக்க ஜே.சி.பி. பேசியிருந்தார்கள். முழுவதும் வடலி. எல்லையோரத்தில் நிற்பவற்றையாவது விடலாம் என்றேன். ஒரு இளைஞர் எழுந்து, "மாஸ்டர், விட்டால் பதினைஞ்சு வருசத்தாலை மரமாகும். அதிலை ஆர் ஏறுறது?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் பதில் வேண்டும்.

பின்வரிசையில் இருந்தவர் எங்கள் பகுதியில் இன்னும் ஏறுகிற சிலரில் ஒருவர். கள்ளைப் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுப்பவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். "நான் ஏறுவன். இன்னும் ரெண்டு பொடியளுக்கும் பழக்குவன். ஆனால் மூண்டு விசயம் சொல்லுறன்" என்றார். காவோலை கழிக்கவும் நுங்கு இறக்கவும் மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேச வேண்டும். குடிக்கத் தாறம், சாப்பிடத் தாறம் என்று கூப்பிடக் கூடாது. விழுந்தால் வீட்டுக்குக் காசு கிடைக்கக் காப்புறுதி வேண்டும், கட்டுகிற பணத்தில் மரத்துக்காரரும் பங்கு போட வேண்டும். மூன்றாவது அவரின் மகனைப் பற்றியது. பள்ளிக்கூடப் படிவத்தில் தகப்பனின் தொழில் என்ற இடத்தில் அவன் கூலி என்று எழுதுகிறான். "சீவல்தொழில் எண்டு எழுதப் பயப்பிடுறான், மாஸ்டர். பக்கத்திலை இருக்கிற பொடியள் என்ன சொல்லுவினமோ எண்டு. அந்தப் பொடியளின்ரை தாய் தேப்பன் எல்லாம் இஞ்சைதான் இருக்கினம்."

கூட்டத்தில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவர் சொன்ன மூன்றையும் செயலாளர் கொப்பியில் எழுதினார். காப்புறுதிக்கு எவ்வளவு வரும் என்று விசாரிக்க இருவரைப் பொறுப்பாக்கினோம். கூலியை அந்த இடத்திலேயே பேசி முடித்தோம். மூன்றாவதைப் பற்றி எங்கள் பாடசாலை அதிபரும் பெற்றோரும் ஒன்றாக இருந்து பேச நாள் குறித்தோம். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

அன்றிரவே வளவுக்காரருக்குக் கனடாவுக்கு அழைப்பெடுத்தோம். எல்லையோரமாக மூன்று பக்கமும் வடலியை விட்டு நடுக்காணியை மட்டும் துப்புரவாக்க அவர் சம்மதித்தார். அவற்றில் எது ஆண், எது பெண் என்று இப்போது ஒருவருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் விட்டிருக்கிறோம்.